எங்கள் கடையில் ஏற்பட்டதல்ல

மழையைத் திட்டிக்கொண்டேதான் அன்றைக்கும் கடையைத் திறந்தாள் லாண்டரி அக்கா. ஐந்து நாளாக விட்ட பாடில்லை. பின்கட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்த கொடிகளில் லாட்ஜின் படுக்கை விரிப்புகள் காயாமல் புழுங்கின. தரையெல்லாம் ஈரம், சுவரெல்லாம் ஓதம், கடை முழுக்கச் சோப்பும் நனைந்த நூலும் கலந்த வாடை. லாட்ஜ் மேலாளர் காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். "வானத்துக்குப் போன் போடுங்க சார், என்கிட்ட ஏன் கேக்கறீங்க?" என்று மூன்றாவது தடவை பட்டென்று வைத்துவிட்டாள். அக்காவுக்கு எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். மழைக்காலத்தில் அது இன்னும் இரண்டு விரற்கடை உயரும்.

கடையில் எல்லா வேலையும் செய்வாள் என்றாலும் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது கறை மேசை. ஜன்னலோரம் தகரம் அடித்த ஒரு மேசை. அதன்மேல் நாலைந்து சின்னப் பிரஷ்கள், கறையில் விடும் சொட்டு மருந்து பாட்டில்கள், பழைய பனியன் துணி. மை, துரு, கிரீஸ், ரத்தம், எது வந்தாலும் எடுத்துவிடுவாள். ஆனால் ஒரு கட்டுப்பாடு. கறையைத் தொடுவதற்கு முன்னால் சீட்டு எழுதியாக வேண்டும். என்ன கறை, எங்கே, எவ்வளவு பெரிசு என்று எழுதி, துணியின் உள்பக்கம் ஊசி குத்தி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். கடை தொடங்கிய புதிதில் ஒரு மனிதர் ஏற்கெனவே தீய்ந்துபோன கோட்டைப் போட்டுவிட்டு, நீங்கள்தான் எரித்தீர்கள் என்று தெருவையே கூட்டினார். அன்றைக்கு வந்த ஏற்பாடு இது. சீட்டின் அடியில் ஒரு வரி அச்சிலேயே இருக்கும்: 'மேற்கண்ட கறை எங்கள் கடையில் ஏற்பட்டதல்ல.' சீட்டில்லாமல் அவள் வீட்டுக்காரர் ஒரு கைக்குட்டையைக்கூட உள்ளே விடமாட்டார்.

இது போக அக்காவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அவளுடைய ஒரே மகள், பதினாலு வயது, ஷட்டில் ஆடுகிறவள். அந்த ஆட்ட மன்றத்துக்குப் போனில் ஒரு கூட்டம் உண்டு. 'களம்' என்று பேர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஐந்தாம் வகுப்புப் பொடிசுகளும் இருப்பார்கள், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஆடும் ஓய்வுபெற்றவர்களும் இருப்பார்கள். தான் ஆடுவதைப் படம் பிடித்துப் போட்டு, மணிக்கட்டு சரியா, கால் சரியா என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் சொல்வார்கள், தெரியாதவர்கள் அதைவிட அதிகமாகச் சொல்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மன்றச் செயலாளர், மட்டைக்கு நரம்பு கட்டிக் கொடுக்கும் கடைக்காரர், அவளிடம் வந்து, "கறை எடுக்கறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. இங்கயும் கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா" என்று சிரித்தார். அன்றிலிருந்து இரண்டாயிரம் பேருக்கும் அவள் அட்மின் அக்கா.

வந்ததும் முதல் காரியமாகச் சட்டம் போட்டாள். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் புழங்குவதால் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் யாரும் சொந்தப் பேர் போடக்கூடாது, முகம் காட்டக்கூடாது, பட்டப்பேர் மட்டும்தான். பெரியவர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் வழியையும் அடைத்துவிட்டாள். எந்தப் பேருக்குப் பின்னால் எந்தப் பிள்ளை என்பது அட்மினுக்கே தெரியாது. அதில் அவளுக்கு அத்தனை பெருமை. பிள்ளைகள் பொது இடத்தில் எது எழுதினாலும் படிப்பாள், தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே அழித்துவிடுவாள். சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டை விரலால் ஒரு தட்டு, போச்சு.

அழிக்கும்போது ஏன் அழித்தாய் என்று போன் ஒரு பட்டியல் காட்டும். வசை, விளம்பரம், சிறுவர் பாதுகாப்பு, மற்றவை. சிறுவர் பாதுகாப்பு என்று தட்டினால் ஐந்து கேள்வி கேட்டுப் பெரிய படிவம் ஒன்று விரியும். மற்றவை என்று தட்டினால் ஒரே தட்டில் முடிந்துவிடும். ஒரு கையில் ஈரத் துணியும் ஒரு கையில் போனுமாக நிற்கிறவள் எதைத் தட்டுவாள்? மூன்று வருஷமாக எல்லாமே மற்றவைதான். புகார் கொடுப்பவர்களுக்கு அனுப்ப மூன்று பதில்களைத் தயாராக அடித்து வைத்திருந்தாள். எடுத்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரு சட்டைக் கழுத்துக்கு அவள் கொடுத்த கவனத்தில் கால்வாசி அந்தப் பதில்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

களத்தில் ஷூ மாமா என்று ஒருவர். ஐம்பத்தைந்து வயது, மைதானத்துக்கு விளக்கு போட்டுக் கொடுத்தவர். நன்றாக ஆடும் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கித் தருவதால் அந்தப் பேர். பெரியவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாராட்டுவதில் மன்னர். நடுநடுவே, "இங்க வேணாம், என் நம்பருக்கு வீடியோ அனுப்பு, தனியா சொல்லித் தரேன்" என்று எந்தப் பிள்ளைக்காவது எழுதிவிடுவார். அக்கா உடனே அழிப்பாள். "சார், நம்ம விதி தெரியுமே" என்று மரியாதையாக எழுதுவாள். "ஸாரிம்மா, வயசாச்சு, மறந்துபோச்சு" என்று அவரும் கும்பிடு போடுவார். அவருடைய சட்டைகள்கூட அக்காவின் கடையில்தான் வெளுத்தன. வாரம் ஆறு, கஞ்சி போட்டு, மொடமொடவென்று.

அன்று மழையால் பள்ளிக்கூடம் விடுமுறை. மகள் காலையிலிருந்து பின்கட்டில் விரிப்புகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக அவள் ஆடப் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். மட்டை உறை கழற்றாமல் அலமாரி மேல் கிடந்தது. மாவட்ட அணிக்குப் பேர் வந்திருந்த நேரம். மத்தியானம் சோறும் முட்டையும் போட்டுக் கொடுத்தபோது அக்கா மறுபடி ஆரம்பித்தாள்.

"வலிக்குதுன்னா வா, டாக்டர்கிட்ட போலாம்."

"வேணாம்."

"அப்போ ஆடப் போ."

"போகல."

"டாக்டரும் வேணாம், ஆட்டமும் வேணாம்னா என்னடி அர்த்தம்? நாலு வருஷம் விடியறதுக்கு முன்னாடி எழுப்பிக் கூட்டிட்டுப் போனது எதுக்கு? இப்படியே மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திரு. குட்டிச்சுவராத்தான் போகப்போற."

"போய்ட்டேன்னே வச்சுக்க" என்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள் மகள்.

"சின்னப் புள்ள. விடேன்" என்றார் வீட்டுக்காரர். ஒரு நாளைக்கு மொத்தமே பத்து வார்த்தை பேசுகிற மனிதர். இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்குப் பின்னால் நின்று நின்று முகமே சிவந்துபோயிருக்கும்.

"நீங்க விட்டு விட்டுத்தான் இந்த லட்சணத்துல நிக்கறா."

எரிச்சலோடு வந்து கல்லாவில் உட்கார்ந்து களத்தைத் திறந்தாள். புகார் ஒன்று வந்து காத்திருந்தது. கொடுத்தவர் பேர் 'குட்டிச்சுவர்'. அந்தப் பேரை முதல் தடவை பார்த்தபோது அக்கா சிரித்திருக்கிறாள். எந்த வீட்டில்தான் அந்த வசவு இல்லை, எந்த வீட்டுப் பிள்ளையோ வாங்கிக் கட்டிக்கொண்டு அதையே பேராக வைத்திருக்கிறது என்று. அதே பிள்ளை அதே ஷூ மாமாமேல் ஒரு மாதத்துக்குள் கொடுக்கும் மூன்றாவது புகார் இது. லாட்ஜ்காரர் மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டில் ஒரு கொடி அறுந்து விழுந்த சத்தம் கேட்டது. அக்கா புகார் யார்மேல் என்பதை மட்டும் பார்த்தாள், தயாராக இருந்த மூன்றாவது பதிலை எடுத்து ஒட்டினாள், கணக்கை நிறுத்து என்பதைத் தட்டினாள்.

இஸ்திரி மேசைமேல் சார்ஜில் கிடந்த போன் விசில் அடித்தது. களத்தின் விசில்.

"பாப்பா போன் கத்துது பாரு" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா எட்டிப் பார்த்தாள். பூட்டிய திரையில் இரண்டு வரி ஓடியது. 'குட்டிச்சுவர், உங்கள் கணக்கு ஒரு வாரத்துக்கு நிறுத்தப்பட்டுள்ளது.'

மகளின் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தன் போனை எடுத்து அந்த மூன்று புகாரையும் முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை முழுசாக.

முதலாவது: 'ஷூ மாமா என்கிட்ட தனியா வீடியோ கேக்கறார். வீட்ல சொல்லாதன்னு சொல்றார். எனக்குப் பிடிக்கல.' அடியில் மாமா எழுதிய வரியும் நகலாக ஒட்டியிருந்தது. அதற்கு அட்மின் போட்ட பதில்: 'பதிவு நீக்கப்பட்டது. களத்தைச் சுத்தமாக வைத்திருக்க உதவியதற்கு நன்றி.'

இரண்டாவது: 'ஆட்டம் முடிஞ்சு வெளிய வரும்போது கார் பக்கத்துல நிக்கறார். ஏறச் சொல்றார். யாராவது பெரியவங்க பாருங்க.' பதில்: 'மைதானத்தில் நேரில் நடப்பவை களத்தின் பொறுப்பில் வராது. உங்கள் பெற்றோரிடம் தெரிவிக்கவும்.'

மூன்றாவது: 'அட்மின் அக்கா, நீங்க படிச்சிட்டுதான் பதில் போடறீங்களா?' இவ்வளவுதான். அதற்கு அவள் ஒட்டிய பதிலின் ஈரம்கூடக் காயவில்லை.

அக்கா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அறுந்த கொடியிலிருந்து விழுந்த விரிப்பை மகள் தரையிலிருந்து சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய விரிப்பு, ஒரு ஆளால் பிழிய முடியாது. அக்கா ஒரு முனையைப் பிடித்தாள். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்கினார்கள். தண்ணீர் தடதடவென்று கொட்டியது.

"குட்டிச்சுவரு நீயா?"

மகள் முறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆமா."

"என்ன பண்ணான் அந்த ஆளு?"

"எழுதினேனே. படிக்கலயா?"

"வாயால சொல்லுடி. தொட்டானா?"

"தோள்ல கை வச்சான். கார்ல ஏறு, மழை வருதுன்னு இழுத்தான். தட்டிவிட்டுட்டு ஓடி வந்துட்டேன். அன்னிலேர்ந்துதான் போகல."

"முட்டி வலின்னு சொன்ன."

"வேற என்ன சொல்றது?"

அக்கா துணியை இன்னும் இறுக்கினாள். "என்கிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதான? அவ்ளோ தைரியம் அவனுக்கு எப்படி வந்துச்சு? சும்மா ஒருத்தன் கார்ல ஏறுன்னு சொல்வானா?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "போன மாசம் ஷூ குடுத்தான். வாங்கிட்டேன்."

"கேக்காம எதுக்குடி வாங்கின?"

சொல்லி முடிப்பதற்குள் மகள் தன் முனையை விட்டுவிட்டாள். பிழிந்த விரிப்பு அப்படியே சேற்றுத் தரையில் விழுந்தது.

"பாத்தியா? இதான். இதுக்குத்தான் சொல்லல. நான் என்ன சொன்னாலும் முதல்ல எனக்குத்தான் விழும். ஏன் வாங்கின, ஏன் நின்ன, ஏன் பேசின. எனக்குத் தெரியும்மா. உன்கிட்ட சொல்றதுக்கு வாய் வரல. அதான் அங்க சொன்னேன்."

"அங்க இருக்கறதும் நான்தானடி!"

"அது நீன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அங்க நீ யாரையும் திட்ட மாட்ட. அஞ்சாங்கிளாஸ் பையனுக்குக்கூட நீங்க, வாங்கன்னு போடுவ. எல்லாரும் அட்மின் அக்கா மாதிரி வருமான்னு எழுதுவாங்க. எனக்கும் அப்படி ஒரு தடவ பேசுவன்னு நெனச்சேன். ராத்திரி ஆனா, படிச்சிருப்ப, இப்ப கூப்பிடுவ, இப்ப கூப்பிடுவன்னு பாத்துட்டே இருப்பேன். நீ வந்து, 'லைட்ட அணைச்சிட்டுப் படு'ன்னுட்டுப் போவ."

"நீன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்னு தெரிஞ்சாதான் படிப்பியா?" என்றாள் மகள். "வேற வீட்டுப் புள்ளன்னா பரவாயில்லயா?"

 தயாராக அடித்து வைத்த மூன்றில் எதுவும் இதற்குப் பொருந்தாது. விரிப்பை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே அழுதாள். மகள் பக்கத்தில் வரவில்லை. கொடியில் தொங்கிய துணிகளுக்கு நடுவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

செயலாளர் நாலு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். புகாரையும் தான் போட்ட பதிலையும் பற்றி அக்கா போனில் சொன்ன நாலு வார்த்தைக்கே பதறியடித்து வந்திருந்தார். டீ வாங்கி வரச் சொல்லவில்லை அக்கா. ஸ்டூலைக்கூடக் காட்டவில்லை.

"ஏம்மா, நல்லா விசாரிச்சீங்களா? சின்னப் பசங்க ஒண்ண ரெண்டா சொல்லுவாங்க."

"எம் பொண்ணு ரெண்ட ஒண்ணாக் குறைச்சுத்தான் சொல்லிருக்கா."

"மனுஷன் பிள்ளைங்கன்னா உசுர விடுவாரு. பழக்கமே அப்படி. விளக்கு போட்டவரு, வர்ற மாசம் தரை போட்டுத் தரேன்னு..."

"அண்ணே, அவர் பழக்கம் என்னன்னு என் போன்ல இருக்கு. இந்த மூணு வருஷத்துல அவர் எழுதினத நான் பதினாலு தடவ அழிச்சிருக்கேன். தேதி இருக்கு. பதினாலும் வேற வேற புள்ளைங்களுக்கு எழுதினது."

"என்ன எழுதினாருன்னு இருக்கா?"

அக்கா பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அதுதான் இல்லை. தேதி இருந்தது, பேர் இருந்தது, காரணம் என்ற இடத்தில் பதினாலு தடவையும் 'மற்றவை' என்று இருந்தது. என்ன எழுதினான் என்பதை அவளே தன் கட்டை விரலால் சுத்தமாகத் துடைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே அவனுக்குப் புத்தி சொன்னாள், அவனும் முதல் தடவை மாதிரியே கும்பிடு போட்டான். ஒரு கைக்குட்டைக்குக்கூடச் சீட்டு எழுதுகிறவள் இந்தப் பதினாலுக்கு ஒரு சீட்டு எழுதவில்லை.

"இல்ல பாருங்க" என்றார் செயலாளர், குரல் கொஞ்சம் தெளிந்து. "அப்புறம் எதக் கொண்டுபோய்க் காட்டுவீங்க?"

"எம் பொண்ணு குடுத்த புகார்ல நகல் இருக்கு. அதக் காட்டுவேன்."

"காட்டுங்க. அதுக்கு அடியிலயே நீங்க போட்ட பதிலும் இருக்கும். பெத்த பொண்ணு கதறும்போது கணக்க நிறுத்தினவன்னு ஊரே பேசும். எனக்கு உங்க மேல அக்கறை இருக்கறதாலதான் சொல்றேன். நான் அவர்கிட்ட பேசறேன். களத்துலேர்ந்து அவராவே விலகிடுவாரு. சத்தமில்லாம முடிஞ்சிடும்."

"விலகி எங்க போவாரு? அடுத்த மன்றத்துக்கா?"

"அதெல்லாம் நாம பாக்க முடியுமா?"

"இந்த நேர்ல நடக்கறது நம்ம பொறுப்பில்லன்னு ஒரு விதி இருக்கே, அத எனக்கு எழுதிக் குடுத்தது யாரு? நீங்கதான?"

"பொதுவா எல்லா எடத்துலயும் போடறதுதாம்மா."

அக்கா கல்லாவை விட்டு எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள். "ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. உங்க பொண்ணும் அதே கோர்ட்ல ஆடுது. எம் பொண்ணவிட நல்லா ஆடுது. அதக் களத்துல சேக்க மாட்டேன்னு நீங்களே சொல்லிருக்கீங்க. ஏன்?"

"அது... படிப்பு கெட்டுடும்னு..."

"டெய்லி சாயங்காலம் நீங்களே வந்து கூட்டிட்டுப் போறீங்க. நடந்தா அஞ்சு நிமிஷம் வீடு. ஏன்?"

செயலாளர் குடையைப் பார்த்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ண மட்டும் பத்திரமா வெளிய வச்சுட்டு, எங்க புள்ளைங்கள உள்ள விட்டு, காவலுக்கு என்னையும் உக்கார வச்சீங்களா? தெரிஞ்சே பண்ணீங்க. தூ!"

"வார்த்தய அளந்து பேசுங்க. நான் என்னத்தக் கண்டேன்? ஒரு இதுக்கு... ஒரு ஜாக்கிரதைக்குத்தான்..."

"அந்த ஜாக்கிரதைய எனக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா என்ன? வாய்ல என்ன வச்சிருந்தீங்க? வெளிய போங்க அண்ணே. என் கைல ஈரத் துணி இருக்கு, போங்க."

அவர் குடையை விரிக்க மறந்து மழையிலேயே இறங்கிப் போனார்.

இத்தனை நேரமும் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார் வீட்டுக்காரர். இப்போது திரும்பி, மேலே மாட்டியிருந்த ஷூ மாமாவின் ஆறு சட்டைகளையும் ஒவ்வொன்றாக இறக்கினார். காலையில் அவரே கஞ்சி போட்டுத் தேய்த்தவை. ஒன்றை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார், பிழிந்தார், உருண்டையாகச் சுருட்டிப் பைக்குள் திணித்தார். அடுத்ததை எடுத்தார். ஆறும் முடிகிற வரைக்கும் நிதானமாகச் செய்தார். கடைசியில் பையின் வாயைக் கட்டும்போது அவர் தோள் குலுங்கியதை அக்கா பார்த்தாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"இத நானே கொண்டு போய்க் குடுக்கறேன்" என்றார்.

"வேணாங்க. நீங்க போனா கையால பேசிடுவீங்க. அவன் அதவச்சு நம்ம மேலயே எழுதி வைப்பான். அவனக் கேக்க வேண்டிய எடம் ஒண்ணு இருக்கு. காலைல கடையத் தெறக்க வேணாம்."

"லாட்ஜு?"

"லாட்ஜ் ஈரத்துலயே படுக்கட்டும்."

அப்புறம் மகளிடம் போய் ஷூ எங்கே என்று கேட்டாள். கேட்கும்போது குரல் தழையவேண்டும் என்று பெரும்பாடு பட்டாள். மகள் சோப்பு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பெட்டியை இழுத்துக் கொடுத்தாள். வெள்ளை ஷூ. ஒரே நாள்தான் போட்டிருந்தாள். ஓடி வந்த அன்றைய சேறு முன்பக்கம் முழுக்க அப்பியிருந்தது. அக்காவின் கை தன்னையறியாமல் பிரஷைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஷூவைக் கறை மேசையில் வைத்தாள். பிறகு சீட்டுக் கட்டை எடுத்தாள்.

மறுநாள் காலை மூவரும் போனார்கள். முதலில் நகல் எடுக்கும் கடை. மூன்று புகார், மூன்று பதில், பதினாலு மற்றவை, எல்லாம் சேர்ந்து ஏழு தாள். நகல் எடுத்த பெண் தாள்களைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உறையில் போட்டுக் கொடுத்தாள். காவல் நிலையத்தில் பிள்ளைகள் விஷயத்துக்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. சாதாரண உடையில் ஒரு பெண் அதிகாரி, நாலு நாற்காலி, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. மகள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டாள். அதில் அப்பா உட்கார்ந்தார்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். இரண்டாவது தாளில் நின்றார்.

"இந்தப் பதில் போட்டது யாரு? புள்ள இவ்ளோ தெளிவா எழுதிருக்கு. இந்த ஆளையும் விசாரிக்கணுமே."

"நான்தான்."

"நீங்க இவங்க அம்மான்னு சொன்னீங்க?"

"அம்மாவும் நான்தான். அதப் போட்டதும் நான்தான். எழுதிக்கோங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"அடுத்த தாள் மழைல நனைஞ்சு எழுத்து ஊறிப் போயிருக்கு. மூணாவது புகாரையும் பதிலையும் போன்லேர்ந்து வாசிங்க. நான் எழுதிக்கறேன்."

அக்கா போனைத் திறந்தாள். புகாரை வாசித்தாள். பதிலுக்கு வந்ததும் திரையை மேலே தள்ளினாள். "அதான், கணக்க நிறுத்தறோம்னு போட்டிருக்கேன்..." என்றாள்.

"முழுசா படிம்மா" என்றாள் மகள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அக்கா படித்தாள். "ஒரே உறுப்பினர் மீது தொடர்ந்து புகார் அளிப்பது விதிமீறல். உங்கள் கணக்கு ஒரு வாரத்துக்கு நிறுத்தப்படுகிறது. இனியாவது பெரியவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளவும். நன்றி. அட்மின்." ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தாமல், சத்தமாகப் படித்தாள். அதிகாரியின் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தரையையே பார்த்தார். மகள் மட்டும் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இனிமே நீ சொல்லும்மா" என்றார் அதிகாரி மகளிடம். "எங்கேர்ந்து ஆரம்பிச்சுது?"

மகள் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் புகுந்து முடித்துவைப்பது அக்காவின் பழக்கம். இன்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷூ என்ற இடம் வந்ததும் மகள் நிறுத்திவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஷூ இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

அக்கா நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சேறு சேறாகவே இருந்தது. அவள் பிழைப்பிலேயே முதல் தடவையாக ஒரு பொருளை அழுக்கோடு வெளியே கொண்டு வந்திருந்தாள். நாடாவில் ஊசி குத்தி ஒரு சீட்டு தொங்கியது. மகள் அதை எட்டி இழுத்துப் படித்தாள்.

'ஷூ, ஒரு ஜோடி. முன்பக்கம் சேறு, ஓடி வந்தபோது பட்டது. கழுவவில்லை.' அதன் அடியில் அச்சடித்த வரி. 'மேற்கண்ட கறை எங்கள் கடையில் ஏற்பட்டதல்ல.' அந்த வரியைப் பேனாவால் ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள் அவள் அம்மா.

மகள் சீட்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு கையிலிருந்து விட்டுவிட்டு அதிகாரி பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.